குடும்பத்தோடு வந்தால் மட்டும் படகு

— அதெல்லாம் சரி அண்ணாச்சி, கடல் எங்க?

— கடலா? கடலு இன்னாத்துக்கு சம்மந்தி?

— மீன்பிடிப் படகு கம்பெனின்னுல்லா எம் மவன் சொன்னான். பொண்ணோட அப்பா தணிகாசலம்னு பேரு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் படகுத் தொழில் பண்ணுதாரு, பெரிய கையின்னான். நானும் எம் பொண்டாட்டியும் சங்கரன்கோவில்ல பஸ் ஏறி, தாம்பரத்துல எறங்கி, படப்பை, ஒரகடம்னு ஒவ்வொரு ஊரா கடல் வருதா கடல் வருதான்னு பாத்துக்கிட்டே வாரோம். காரு கம்பெனி வருது, போன் கம்பெனி வருது, வல்லக்கோட்டைல முருகன் கூட வந்துட்டாரு. கடலக் காணும்.

— கடலு இங்கேர்ந்து ஒரு அம்பது கிலோமீட்டரு போவணும். நமக்கு அது வாணாம். தோ, இதான் நம்ம தண்ணி. பென்னலூரு சித்தேரி. குந்துங்க கோமதிநாயகம் சார், நின்னுகினே இருந்தா படகு சாயும், நம்ம போட்டு சின்னது.

— இந்தக் குளத்துலயா?

— ஏரி.

— எங்க ஊர்ல இதக் குளம்னுதான் சொல்லுவோம்.

— இன்னா வேணாலும் சொல்லுங்க. இந்தாங்க லைப் ஜாக்கெட்டு, மாட்டிக்கோங்க. இது மாட்டாம யாரையும் ஏத்தறதில்ல.

— தண்ணி எவ்வளவு ஆழம்?

— சித்திர வெயிலாச்சா, இப்ப இடுப்பளவு கீது.

— இடுப்பளவு தண்ணிக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தச் சட்ட?

— ரூலுன்னா ரூலுதான். இங்க வர்றவங்க எல்லாம் கம்பெனி ஆளுங்க. ஹெல்மெட்டு, ஷூ, ஜாக்கெட்டு, எதனா ஒண்ண மாட்டிவுட்டாதான் அவங்களுக்கு மனசு ஒத்துக்குது. ஒரு சூப்பர்வைசர் வந்து, "எமர்ஜென்சி எக்சிட்டு எங்க?"ன்னு கேட்டான். சுத்தி கையக் காட்டினேன், திருப்தியா குந்திக்கினான்.

— நல்லாத்தான் இருக்கு. ஆனா சம்பந்தி சம்பந்தின்னு இப்பவே கூப்பிடுதிய. எம் பொண்டாட்டி கனகலட்சுமி உங்க வீட்டுல இப்பத்தான் பொண்ணு கையால காப்பி வாங்கியிருப்பா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல, பாத்துக்கிடுங்க.

— ஆசைல வந்துட்ச்சு சார், மன்னிச்சிக்கோங்க. என் பொண்ணு சுபஸ்ரீ மூணு நாளா ஒயுங்கா சாப்பிடல. "யப்பா, அவரு வாயால சரின்னு சொல்லாம நீ கரைக்கு மட்டும் வந்துடாத"ன்னு சொல்லி அனுப்பிச்சிகீது. ஒரே பொண்ணு. அது மூஞ்சி வாடினா எனக்கு சோறு எறங்காது. அதுங்க ரெண்டும் கம்பெனி பஸ்ல பாத்து, பேசி, மனசு ஒத்துப்போச்சு. நாம பெரியவங்க முடிச்சுவெக்க வேண்டியதுதான் பாக்கி.

— முடிக்கத்தான் வந்திருக்கோம். எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மூத்தது ஒரு பொம்பளப்பிள்ள, தங்கமாரி. அவளக் கேட்டு வரும்போது மாப்பிள்ளைக்கு கோர்ட்டுல வேலன்னு சொன்னாவ. கல்யாணம் முடிஞ்சு அடுத்த மாசம் போய்ப் பாத்தா, கோர்ட்டு வாசல்ல டீக்கட போட்டிருக்கான். டீக்கட போட்டது தப்பே இல்ல. டீக்கடைன்னு சொல்லியிருந்தா டீக்கடைக்கே குடுத்திருப்பேன். பொய் சொன்னானே! ஆறு மாசத்துல பிள்ள பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. அஞ்சு வருசமா எங்க வீட்டுலதான் இருக்கா. அவ சிரிச்சு நான் பாக்கல அண்ணாச்சி. எனக்கு நெஞ்சு ஆற மாட்டேங்கு. அதனால நகை வேண்டாம், சீரு வேண்டாம். பொய் பேசாத வீடா இருக்கணும். அவ்வளவுதான்.

— கேக்கவே பேஜாரா கீது சார். மெய்யாலுமே சொல்றேன், எங்க வூட்ல பொய்யே கெடையாது. இந்தாங்க, இந்தத் தூண்டிலப் புடிங்க. சும்மா தண்ணில வுட்டு வைங்க. வந்த கையோட ஒரு மீனு புடிச்சிகினு போனா நல்ல சகுனம்.

— எங்க ஊரு கரிசக்காடு. மீன்னா சைக்கிள்ல கூடைல வச்சிக் கொண்டாரதுதான் தெரியும். எங்கன பிடிக்கணும் இத?

— அக்காங், அப்டித்தான். தல மேல மட்டும் சுத்திடாதீங்க.

— சரி, சொல்லுங்க. கடல் இல்லாத ஊர்ல படகுத் தொழில் எப்படி வந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லணும்.

— லாரில வந்துச்சு சார். ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளம் தெரியும் இல்ல? மெட்ராஸுல வூடு வூடா தண்ணி. ஜனத்தக் காப்பாத்தறதுக்கு எங்கேர்ந்தோ ஒரு மீன்பிடிப் போட்ட லாரில ஏத்திகினு வந்தாங்க. லாரிக்கு அச்சு முறிஞ்சது எங்கன்னா, கரீட்டா எங்க வூட்டு வாசல்ல. டிரைவரு, "அண்ணே, இத்த எறக்கி வெச்சிட்டுப் போறேன், ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கறேன்"னான். இன்னிக்கு வரைக்கும் வர்ல.

— தேடி வரவே இல்லையா?

— வர்ல சார். நான் எத்தினி தபா போய் சொல்லிகீறேன் தெரியுமா? ஒரு ஆபீசுல "வெள்ளம் முடிஞ்சிபோச்சே"ன்னாங்க. இன்னொரு ஆபீசுல "இது போட்டுதான்னு சர்ட்டிபிகேட் வெச்சிகீறியா?"ன்னாங்க. வேப்பமரத்துல மாட்டுக் கவுத்துல கட்டிப் போட்டுட்டேன். ஒண்ற வருசம் கெடந்துச்சு. மழத் தண்ணி ரொம்பினா எங்க மாடு அதுலதான் தண்ணி குடிக்கும். வெயிலடிச்சா எங்க லீலா அதுல வடகம் ஊத்துவா. உங்க சம்மந்தியம்மா. மன்னிச்சிக்கோங்க, என் சம்சாரம்.

— அப்பம் படகு உங்களுது இல்ல.

— என்னுது இல்லன்னு தான சார் சொல்றேன். ஒளிக்கலையே. அதோட பக்கவாட்டுல இன்னமும் எழுதிகீது, "டிரைவர் வந்தால் ஒப்படைக்கப்படும்"னு. நானே பெயிண்டுல எழுதினேன்.

— சரி, அது உண்மைதான். மேல சொல்லுங்க.

— தொழிலா ஆனது ஐஸ்வர்யா மேடத்தால. பக்கத்து கம்பெனில எச்.ஆரு. ஒரு நாளு கார்ல போவும்போது நம்ம வாசல்ல போட்டப் பாத்துட்டு எறங்கி வந்தாங்க. கம்பெனில பேமிலி டே வெக்கணுமாம், ஐந்நூறு பேரு, புதுசா எதனா வேணுமாம். "ஒரு நாளைக்கு ஏரில வுட முடியுமா?"ன்னு கேட்டாங்க. வடகத்த வாரி எடுத்துட்டு வுட்டோம். கொயந்தைங்க இன்னா குஷி! அடுத்த ஞாயித்துக்கிழம கேக்காமலே இருவது பேரு வாசல்ல நின்னான். எல்லாம் ஆஸ்டல் பசங்க. உங்க ஊருப் பக்கத்துப் பசங்கதான்.

— எங்க பசங்க அடக்கமா இருப்பானுவ.

— உங்க பையன் அடக்கமா இருப்பாரு. மீதிப் பேரு வாரம் பூரா கம்பெனி லைன்ல நின்னுட்டு வர்றான், கையில பாட்டிலு. ஒருத்தன் நடு ஏரில எகிறிக் குதிச்சிட்டான். "நீச்சல் தெரியாதுண்ணே"ன்னு கத்தறான். அப்பவும் இடுப்பளவுதான் தண்ணி. எந்திரிச்சி நிக்கத் தெரியாம அர மணி நேரம் நீச்சலடிச்சான். எங்க லீலா கரையில நின்னுகினு ஒரே வார்த்த சொன்னா. "இனிமே குடும்பத்தோட வந்தாதான் போட்டு. தனியா வந்தா கரையிலயே நின்னு பாத்துட்டுப் போவட்டும்." அன்னிலேர்ந்து அதான் ரூலு. போர்டே வெச்சிட்டோம். அப்புறம்தான் தொழிலு பிச்சிகினு போச்சு.

— எப்படி? இங்க இருக்கதெல்லாம் கல்யாணம் ஆகாத பெயலுவல்லா?

— அதான் விசயமே! பசங்க குடும்பத்த தேடிப் புடிக்க ஆரம்பிச்சிட்டான். ஒருத்தன் வூட்டு ஓனரம்மாவ "அக்கா, ஒரு மணி நேரத்துக்கு குடும்பமா வாங்க"ன்னு கெஞ்சிக் கூட்டிகினு வந்தான். அவங்க புருசனும் வந்துட்டாரு. ரெண்டு புள்ளைங்களும் வந்துட்ச்சு. கடைசில போட்டுல எடம் இல்லன்னு அவன் கரையில நின்னான். இசைவாணின்னு ஒரு அம்மா, ஷேர் ஆட்டோல வந்து எறங்கும். வாரா வாரம் வேற வேற பசங்களுக்கு அத்த. லீலா கேட்டா, "எங்க குடும்பம் பெருசு"ங்கும்.

— ஆங்... அது பொய்யில்லையா?

— அந்தம்மா சொன்னது சார். நான் சொல்லல.

— ம். நழுவுதிய.

— அதுக்கப்புறம் வீடியோ கால் வந்துட்ச்சு. ஒரு பையன் போனக் காட்டி, "அண்ணே, எங்கம்மா வாசுதேவநல்லூர்ல இருக்காங்க, லைன்ல இருக்காங்க, இதான் என் குடும்பம்"னான். லீலா யோசிச்சா. ஒத்துக்கினா. ஆனா போட்டுல வர்ற எல்லாருக்கும் ஜாக்கெட்டு போடணுமே? போனுக்கு ஒரு ஜாக்கெட்டு மாட்டி, சீட்டுல குந்தவெச்சோம். அந்தம்மா அந்தப் பக்கத்துலேர்ந்து, "எய்யா, ஓரமா உக்காராத, நடுவுல உக்காரு"ன்னு சொல்லிகினே வந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழம ஏழு ஜாக்கெட்டு, ஏழு போனு, ஏழு அம்மா. அம்மாங்க எல்லாம் அவங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சிட்டாங்க. பசங்கள ஒருத்தியும் கண்டுக்கல.

— ஏ, சிரிப்பு வருது அண்ணாச்சி. நாங்களும் எம் மவன் கிட்ட அப்படித்தான் பேசுதோம். அவன் மூஞ்சிய விட அவன் ரூம்ல சுத்துத பேனத்தான் நிறைய பாத்திருக்கேன். இன்னைக்கும் பாருங்க, பெத்தவன் பொண்ணு பாக்க வந்திருக்கேன், ஞாயித்துக்கிழமன்னு கூட லீவு குடுக்கல. ஓ.டி.யாம். இப்பம் லைன்ல நிப்பான்.

— பெரிய கம்பெனில அப்டித்தான் சார். நானும் மாப்ளய நேர்ல பாத்ததே இல்ல. போட்டோ ஒண்ணு காட்டுச்சு பொண்ணு. ஹெல்மெட்டு, கண்ணாடி, மாஸ்க்கு. பின்னாடி நின்ன காருதான் தெளிவா தெரிஞ்சுது.

— மணிகண்டபிரபு நல்ல பிள்ள. மானாவாரிக் காட்டுல உளுந்து போட்டு, வெளஞ்ச வருசம் பீஸ் கட்டி, வெளையாத வருசம் பொண்டாட்டி கம்மல வச்சு, டிப்ளமா படிக்க வச்சேன். அவன் முன்னால சொல்ல மாட்டேன், இங்க சொல்லுதேன். எங்க ஊரு ரோட்டுல எந்தக் காரு போனாலும், "எம் மவன் செஞ்சது"ன்னு சொல்லுவேன். முப்பிடாதின்னு எம் மச்சினன், "ஓய், அது லாரி"ம்பான். இருக்கட்டும்லே, லாரியும் அவன்தான் செஞ்சிருப்பான்னு சொல்லுவேன். அம்புட்டு பெரும எனக்கு அவன நெனச்சா. அங்கன என்ன தண்ணில குமிழ் குமிழா வருது?

— எங்க?

— அந்தா, அந்த ஆகாயத்தாமரைக்குக் கீழ.

— மீனு மூச்சு வுடுது.

— நான் ஏறினதுல இருந்து பாக்கேன், அந்த ஆகாயத்தாமரை நம்ம கூடவே வருது.

— காத்து தள்ளிகினு வருது சார்.

— காத்து எதுக்கால அடிக்கி. துண்டு எந்தப் பக்கம் பறக்குன்னு பாருங்க.

— மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்து. ஏரின்னா அப்டித்தான். அத்த வுடுங்க, வறட்சி வந்த கதைய கேளுங்க. ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல ஏரில சொட்டுத் தண்ணி இல்ல. புக்கிங்கு மட்டும் ரொம்பிகீது. லீலா "போட்ட மூடு"ன்னா. நான் டிராக்டர் டிரைலர்ல போட்டத் தூக்கி வெச்சேன்.

— டிராக்டர்லயா?

— கட்டாந்தரைல ஏரிய சுத்திகினு வருவோம். எட்டு எடத்துல அன்னக்கூடைல தண்ணி ஊத்தி மீனு வுட்டு வெச்சிருப்போம். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் டிராக்டர் நிக்கும், மேலேர்ந்து தூண்டில் போடுவாங்க, புடிப்பாங்க, விசிலு, அடுத்த ஸ்டாப்பு. எல்லாருக்கும் ஜாக்கெட்டு உண்டு. ஒரு கொயந்த தல சுத்தி வாந்தி எடுத்துட்ச்சுன்னா பாத்துக்கோங்க. ஒரு அதிகாரி வந்து நிறுத்தினாரு. "வண்டின்னா நம்பர் எங்க? போட்டுன்னா தண்ணி எங்க?"ன்னாரு. நான் "வண்டி மேல போட்டு கீது சார், லோடு"ன்னேன். "லோடுன்னா மேல ஆளு ஏத்தக்கூடாதே"ன்னாரு. "இது ஆளு இல்ல சார், குடும்பம்"னேன். அவரு நோட்ட மூடிகினு போனாரு, அடுத்த வாரம் மாமியாரக் கூட்டிகினு வந்தாரு.

— தண்ணி இல்லாத குளத்துல படகு ஓட்டியிருக்கிய. கோட்டி புடிச்ச ஊரா இருக்கு இது... ஏ, இழுக்கு! தூண்டில இழுக்கு அண்ணாச்சி!

— தூக்குங்க தூக்குங்க! ஹா! முத தபாவே மாட்டிகிச்சு! ராசியான கை சார் உங்களுது! இன்னா சைஸு பாருங்க!

— எம் பொண்டாட்டி நம்ப மாட்டா. படம் எடுங்க. நல்லா எடுங்க. மவனுக்கு அனுப்பணும்... அண்ணாச்சி.

— சொல்லுங்க.

— மீனு குளுகுளுன்னு இருக்கு.

— ஆழத்துல தண்ணி ஜில்லுனு இருக்கும் சார்.

— இடுப்பளவு ஆழத்துலயா? வெயிலு மண்டையப் பொளக்கு. வாய்க்குள்ள என்னமோ வெள்ளையா இருக்கு. ஐஸ் கட்டி!

— ஐஸா? அது... பக்கத்துல ஐஸ் பேக்டரி கீது. அங்கேர்ந்து எதனா உருண்டு வந்திருக்கும்.

— உருண்டு வந்து இது வாய்க்குள்ள போச்சாக்கும்?

— பசில முழுங்கிடுச்சி.

— ம்ம். மீனும் துள்ளல.

— உங்களப் பாத்து அடங்கிட்ச்சு. சார், தூண்டில திரும்பப் போடுங்க. ஒத்தையா வேணாம், ஜோடியா போவட்டும். கல்யாண காரியம் பாருங்க.

— போடுதேன். ஆனா நீங்க மூஞ்சத் திருப்பாம என்னப் பாத்துப் பேசுங்க. இதுல தினமும் மீன் மாட்டுமா?

— வர்ற எல்லா குடும்பத்துக்கும் ஒண்ணு கேரண்டி. அதான் நம்ம கம்பெனி பாலிசி. முன்னல்லாம் அப்டி இல்ல. நெல்லையப்பன்னு ஒரு புரொடக்சன் மேனேஜரு குடும்பத்தோட வந்து மூணு மணி நேரம் குந்திகினு இருந்தாரு. ஒண்ணும் மாட்டல. எறங்கும்போது, "மூணு மணி நேரம், அவுட்புட் ஜீரோ. லைன்ல இப்படி இருந்தா உன்ன நிறுத்திடுவாங்க"ன்னாரு. அவரு புள்ள வெறும் பைய வெச்சிகினு அழுதுகினே போச்சு. அது என் மனசுல தெச்சிட்ச்சு சார். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே ஒரு கொயந்த நம்ம போட்டுலேர்ந்து வெறுங்கையா எறங்கக்கூடாது.

— முடிவு நீங்க பண்ணலாம். மீனு எப்படிக் கேக்கும்?

— அது... மீனோட ஒரு அண்டர்ஸ்டேண்டிங்கு.

— இந்தக் குளத்துல மீனு இருக்கா இல்லையா?

— இருந்துச்சு. ஏரி மீன் ஏலம் எடுத்த குத்தகைக்காரன் போன மாசம் வலை போட்டு வாரிகினு பூட்டான். ஆனா ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும். ஒளிஞ்சிகினு இருக்கும்.

— இப்பம் அங்கன யாரோ இருமுன மாதிரி இருந்துச்சே.

— தவள.

— தவள இருமுமா?

— இந்தப் பக்கம் தூசி ஜாஸ்தி சார், லாரி போக்குவரத்து.

— தணிகாசலம் அண்ணாச்சி... இழுக்கு. மறுபடியும் இழுக்கு. பொறுங்க, நானே தூக்குதேன். ஏ... என்னதிது?

— ஐய.

— என்னதுன்னு கேக்கேன்.

— சின்ன மீனு சார். தண்ணில போட்ருங்க, வளரட்டும்.

— இது எப்படி வளரும்? கருவாடுல்லா இது! உப்பு பூத்திருக்கு. வயித்தக் கீறியிருக்கு. தலையக் காணும்! மீனு எனக்குத் தெரியாது, கருவாடு தெரியும்வே, கம்மங்கஞ்சிக்கு இதத் தின்னுதான் வளந்திருக்கேன். இடுப்பளவு தண்ணிக்குள்ள கெடந்து இது எப்படிவே காஞ்சுது?

— சார்...

— சொல்லும்வே!

— தடைக்காலம் சார். சித்திரைல கடலுக்குப் போட்டு போவாது. படப்பை மார்க்கெட்டுல ஐஸ் மீனு ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுது. ரெண்டாவதா மாட்ட ஒண்ணும் இல்லாம தம்பி பதட்டத்துல வூட்லேர்ந்து எடுத்தாந்த கருவாட்ட மாட்டிட்டான் போலகீது.

— எந்தத் தம்பி? எங்க மாட்டுனான்?

— தோ, அந்த ஆகாயத்தாமரைக்குக் கீழ. ஒரு பையன் கீறான் சார். வாயில கரண்டு பைப்பு ஒண்ண வெச்சிகினு மூச்சு வுட்டுகினு இருக்கான். நாங்க அவன தண்ணி டிபார்ட்மெண்ட்டுன்னு சொல்லுவோம். கீழேர்ந்து தூண்டில்ல மீன மாட்டிவுட்டு ரெண்டு தபா இழுப்பான். எல்லா குடும்பமும் கை தட்டும். ரெண்டு வருசமா இப்டித்தான் ஓடிகினு கீது.

— அடப்பாவி மனுசா!

— இருங்க சார், நீங்க சொல்றதுக்கு முன்ன நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். கம்பெனி கெடையாது. ஒரே போட்டு, அதுவும் என்னுது இல்ல. ஏரில மீனு கெடையாது. பக்கத்துல ஐஸ் பேக்டரியே கெடையாது. காத்து ஒண்ணுதான். தவள இருமாது. புள்ளைங்க சிரிக்குதேன்னு ஆரம்பிச்சேன், வாயத் தொறந்தா பொய்யா வருது. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு ஒரு மீனாவது மாட்டணுமேன்னு அந்தத் தம்பிய நான்தான் எறக்கினேன். "இன்னிக்கு மட்டும் லீவு குடுங்க"ன்னு கெஞ்சினான் சார். "என் பொண்ணு வாழ்க்கைப்பா இது"ன்னேன். உடனே பைப்ப எடுத்துகினு எறங்கிட்டான். தப்பு என்னுது. பொண்ணுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. என்ன திட்டுங்க, அடிங்க, ஆனா என் பொண்ண வாணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு கரைக்குப் போவேன்?

— கண்ணத் தொடையும்.

— முடியல சார்.

— தொடையும்னேன். என் மொத மருமவன் ஒரு தடவையாவது இப்படி அழுதிருந்தா எம் பிள்ள இன்னைக்கு அவன் வீட்டுல இருந்திருப்பா. கோர்ட்டு கோர்ட்டுன்னு கடைசி வரைக்கும் சாதிச்சான் அவன். நீரு கருவாடு மாட்டின அந்த நிமிசமே உண்மையக் கக்கிட்டீரு. எனக்குக் கோவந்தான். தூக்கி இந்தத் தண்ணில போட்டுரலாம் போலத்தான் இருக்கு. ஆனா அழுது உண்மையச் சொல்லுத வீட்டுல பொண்ணெடுக்கலாம். சரி. எனக்குச் சம்மதம். போதுமா சம்பந்தி?

— இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க!

— சம்மதம்யா. படகத் திருப்பும், பொம்பளையளுட்டச் சொல்லுவோம். இரும், இரும். அதுக்கு முன்னால ஒரு சோலி இருக்கு. அந்தப் பெயலு யாரு?

— தண்ணி டிபார்ட்மெண்ட்டா? பேரு கூட தெரியாது சம்மந்தி. என் பொண்ணுதான் சேத்துவுட்டுச்சு. எதோ கம்பெனில ரெண்டு வருசம் டிரெயினிங்ல வெச்சிகினு அனுப்பிட்டாங்களாம், வூட்டுக்குச் சொல்ல வெக்கப்பட்டுகினு இங்கயே கீறானாம். ஈரத் தலையும் நீச்சல் கண்ணாடியுமாத்தான் நான் பாத்துகீறேன். நல்ல வேலக்காரன், பேச மாட்டான்.

— இதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது. எம் மவன் வயசுதான் இருக்கும். அவன் லைன்ல நின்னு காரு செய்யுதான். இவன் சேத்துல படுத்துக்கிட்டு கருவாடு மாட்டுதான். அங்க ஊர்ல இவன் அப்பன் பீத்திக்கிட்டு இருப்பான், எம் பிள்ள பெரிய உத்தியோகத்துல இருக்கான்னு. சம்பளம் எம்புட்டுங்கிறது கெடக்கட்டும், உண்மையச் சொல்ல வேண்டாமா? நான் அவன்ட்ட ரெண்டு வார்த்த கேக்காம கரை ஏற மாட்டேன்.

— வுடுங்க சம்மந்தி, பாவம்.

— நீரு சும்மா இரும். ஏலே தம்பி! தாமரைக்கு அடியில இருக்கவனே! இவ்வளவு நேரம் பேசினதக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்ப. பயப்படாத, அடிக்க மாட்டேன். எந்திரிச்சு நில்லு, இடுப்பளவு தண்ணிதான். அந்தக் கண்ணாடியக் கழத்து. பைப்பத் துப்பு. நீ எந்த ஊரு? உன்னப் பெத்தவன் யாருலே?

— நீங்கதாம்ப்பா.